பட்டறைக்கு ஒரு நோட்டு

இந்த மழைக்காலம் முழுக்க நான் புதிதாக ஒரு சாமானும் செய்யவில்லை. செய்து வைத்ததையும், செய்வதற்கென்று சேர்த்து வைத்ததையும் வெளியே எடுத்து, துடைத்து, எண் போட்டு, எது எதற்கு, எது யாருக்கு, எதைத் தூக்கிப் போடலாம் என்று ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நான் போனபிறகு இந்தப் பட்டறையைத் திறக்கப் போவது என் மனைவியோ மகனோ மகளோதான், மூன்று பேருக்கும் வாய்ச்சிக்கும் உளிக்கும் வித்தியாசம் தெரியாது, அவர்கள் கையில் ஒரு காகிதமாவது இருக்கட்டும் என்றுதான். செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். தச்சு இல்லாமல் தையல், பழைய ரேடியோ, ஓவியம் என்று வேறு எதையாவது வைத்திருப்பவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

தச்சு என் பிழைப்பு இல்லை. குத்தாலம் பக்கத்துக் கிராமம், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஊரில் ஒரு பெரிய ஆசாரி இருந்தார், லீவு நாட்களில் அவர் பட்டறையில் போய் உட்கார்ந்து, முதலில் உளி தீட்டவும், அப்புறம் இழைக்கவும், அதற்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் கழுந்து (மூட்டில் சொருகுகிற முனை) வெட்டவும் கற்றுக்கொண்டேன். செய்வதெல்லாம் சின்ன உருவங்கள்: மாட்டு வண்டி, ஏர், பரம்பு, ஏற்றம், பல்லாங்குழி, ஒன்றிரண்டு தோணி, கடைசியாகத் திருவாரூர் ஆழித்தேர்.

மரக்கட்டையில் இருந்துதான் ஆரம்பித்தேன். எல்லோரும் கருவியைத்தான் முதலில் எண்ணுவார்கள். ஆனால் உளி எப்படிப் பார்த்தாலும் உளி மாதிரி தெரியும், கொஞ்சம் யோசித்து யாரையாவது கேட்பார்கள். மரக்கட்டை விறகு மாதிரிதான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர், என்னைப் போலவே ஆசைக்கு மரவேலை செய்தவர், அவர் தவறியபோது பதினாறாம் நாள் சமையலுக்கு அடுப்பில் எரிந்தது அவர் வருஷக்கணக்காக நிழலில் அடுக்கிக் காய வைத்திருந்த வாகைப் பலகைகள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. சமையல்காரர் விறகு எங்கே என்றார், அந்த வீட்டுப் பையன் கொல்லையைக் காட்டினான், அவ்வளவுதான். நல்ல காய்ந்த விறகு என்று சமையல்காரர் பாராட்டினாராம்.

என்னிடம் உள்ளதில் முதலில் காப்பாற்ற வேண்டியது ஓர் ஆச்சா உத்திரம். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வாங்கினது, ஆறடி இருக்கும், கருத்துப் போய், ஆணி ஓட்டைகளோடு, பார்க்க ஒன்றுக்கும் உதவாத கட்டை. நாகஸ்வரம் செய்கிறவர்களுக்கு இதுதான் உயிர். எங்களுக்குப் பக்கத்தில்தான் நரசிங்கம்பேட்டை, அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அவர்கள் புது ஆச்சாவை விரும்புவதில்லை, பழைய வீட்டில் பல காலம் கிடந்து ஈரமெல்லாம் போன கட்டையைத்தான் தேடுவார்கள், அது இனிமேல் வெடிக்காது, வளையாது. நோட்டில் இந்தக் கட்டைக்கு எதிரே எழுதியது: “ஆச்சா. விறகு இல்லை. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்களிடம் காட்டு. பேரம் பேசாதே.”

அப்புறம் பலா. இது கஜா புயல் கொடுத்தது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறி, தெற்கே இருந்த தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனதே, அப்போது ஓர் உறவினர் வீட்டில் விழுந்த பலா மரம். அவர்கள் வீடே ஓடு பறந்து கிடந்தது, மரத்தைப் பற்றிக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, அவர்களாகவே எடுத்துட்டுப் போப்பா என்றார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலாதான், மிருதங்கக் கட்டைக்கும் பலாதான், என் கையில் அது வண்டிச் சக்கரமும் பல்லாங்குழியும் ஆகிறது. இலுப்பை கொஞ்சம் இருக்கிறது, தேருக்கு வாங்கினதில் மிச்சம். நிஜத் தேருக்கும் இலுப்பைதான் வழக்கம் என்பதால் சின்னத் தேருக்கும் அதுவே வேண்டும் என்று அலைந்து பிடித்தது. பூவரசு நிறைய. தேக்கு கொஞ்சம், அதற்குத்தான் வீட்டில் எல்லோரும் மதிப்பு வைத்திருக்கிறார்கள், உண்மையில் அந்தத் தேக்கில் பாதி வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டின இளமரம், வைரம் பாய்ந்த பகுதி ஒரு கை அகலம்கூட இல்லை.

அடையாளம் போட்ட விதம் இது. பலகையின் இரண்டு முனைகளிலும் எப்படியும் பெயின்ட் அடித்துத்தான் வைக்க வேண்டும், ஈரம் முனை வழியாக வேகமாகப் போனால் வெடிப்பு விழும், ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அந்த முனைப் பெயின்டையே அடையாளமாக்கிவிட்டேன். சிவப்பு முனை என்றால் எரிக்கக் கூடாது, விற்கலாம் அல்லது நோட்டில் உள்ளவருக்குக் கொடுக்கலாம். வெள்ளை முனை என்றால் தாராளமாக அடுப்புக்குப் போகலாம். சிவப்பின்மேல் கறுப்பில் மரத்தின் பெயரும் வாங்கின வருஷமும். பலகை எல்லாம் முனை தெரிகிற மாதிரி வாசலைப் பார்த்து அடுக்கியிருப்பதால் உள்ளே நுழையாமலே தெரிந்துவிடும். வெள்ளை அடித்தபோதுதான் எவ்வளவு குப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்தது, அடுக்கில் சரிபாதி வெள்ளைதான்.

அடுக்கும்போது உளுத்ததைப் பார்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டியிருந்தது. தரையில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் மேலே உள்ள பலகையில் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் பகுதியைத்தான் அது தின்னும், வைரத்தைத் தொடாது, அதனால் வெள்ளையை அறுத்துத் தள்ளிவிட்டால் மிச்சம் பிழைக்கும். சந்தேகமான துளைகளில் சிரிஞ்சால் கெரசின் விட்டேன். இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், உளுத்த பலகை ஒன்றை யாருக்காவது ஆசையாக எழுதி வைத்தால், அது அவர் வீட்டுக் கதவு நிலைக்கும் பூச்சியை எழுதி வைத்தது போலத்தான்.

கருவிகள்

ஒவ்வொரு கருவியின் மரப்பிடியிலும் சால்டரிங் அயர்னால் எண்ணைச் சுட்டுப் போட்டேன். ஸ்டிக்கர் எங்கள் ஊர் ஐப்பசி கார்த்திகையைத் தாங்காது, மார்க்கர் எண்ணெய் பட்டால் அழியும். நோட்டில் எண்ணுக்கு எதிரே பெயர், என்ன வேலைக்கு, விற்றால் சுமாராக என்ன கிடைக்கும், யாருக்கு என்று கட்டம். விலைக் கட்டம் பேராசைக்காக இல்லை. பழைய இரும்புக்கடைக்காரர் தராசை வைத்துக்கொண்டு நிற்கும்போது, இது கிலோ கணக்கில் போகிற பொருள் இல்லை என்று சொல்ல வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு பிடி வேண்டும். என் உளிகளில் நல்லவை எல்லாம் லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து எங்கள் பக்கத்துக் கொல்லர் செய்து கொடுத்தவை. பார்வைக்குக் கரடுமுரடு, ஒரு கம்பெனிப் பெயரும் இருக்காது, தெரியாதவர்கள் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். பளபளவென்று டப்பாவோடு இருக்கும் செட் ஒன்று உண்டு, யாரோ பரிசாகக் கொடுத்தது, முனை நிற்கவே நிற்காது, அதைத்தான் பத்திரமாக வைப்பார்கள். அதனால் அந்த டப்பாவின் மேல் “சுமார்” என்று எழுதிவிட்டேன். ஸ்டான்லி இழைப்புளிக்கு மட்டும் பெயர் இருப்பதால் அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

துடைத்து வைக்கத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுக்காகி அதிலேயே தூசி ஒட்டும். கடல் எங்களுக்கு அதிக தூரம் இல்லை, மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரமும் உப்பும், எண்ணெய்த் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாலும் தை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நான் இல்லாதபோது இதை யார் செய்வார்கள்? யாரும் செய்ய மாட்டார்கள். இந்த ஒரு கேள்விதான் மிச்ச எல்லாவற்றையும் தீர்மானித்தது. துரு பிடித்துக் காத்திருக்கும் கருவியை எழுதி வைப்பதைவிட இப்போதே கொடுத்துவிடுவது நல்லது, அதுவும் கொடுக்கும்போது தீட்டக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு நம் கையில் தெம்பு இருக்கும்போதே.

பெரிய ஆசாரியின் பேரன் இப்போது ஜன்னல், கதவு வேலை எடுத்துச் செய்கிறான். ரூட்டர், பிளானர் எல்லாம் வைத்திருக்கிறான், மெஷினில் முக்கால்வாசி முடிந்துவிடும், ஆனால் கதவில் பூவேலை என்று வந்தால் கை உளி வேண்டும், அது அவனிடம் போதாது. கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“இருக்கட்டும் தாத்தா, உங்க கையில இருந்தாத்தான் அழகு. வேணும்னா அப்ப வந்து எடுத்துக்கறேன்.”

“நீ வேணும்ங்கறப்ப நான் இருக்கணுமே. எடுத்துட்டுப் போடா.”

எடுத்துக்கொண்டு போவதற்கு முன் உட்கார வைத்து ஒரு வாரம் சாயங்காலங்களில் தீட்ட வைத்தேன். பூவரசு, பலாவுக்கு 25 டிகிரி சாய்வு போதும், ஆச்சா மாதிரி முரட்டுக் கட்டைக்கு 30 வைக்காவிட்டால் முனை உதிரும். மெஷினில் பழகின பையன்களுக்குப் பொறுமை கிடையாது என்று சொல்வார்கள், இவனுக்கு இருந்தது, முதுகு முடியைச் சிரைத்துப் பார்க்கும் அளவுக்குக் கூர் வந்தபிறகுதான் எழுந்தான் (முதுகு என்றால் கையின் முதுகு). அவன் தாத்தாவிடம் நான் கற்றது அவனுக்கே திரும்பிப் போகிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி, அவனுக்கு அது பெரிதாகத் தோன்றினதாகத் தெரியவில்லை, வேலை இருக்கிறது என்று போய்விட்டான். சரிதான்.

கொடுத்ததை மகனுக்கும் மகளுக்கும் போனில் சொல்லிவிட்டேன். இது முக்கியம். இல்லாவிட்டால் பிற்பாடு, அப்பாவின் உளி அந்தப் பையன் பட்டறையில் எப்படி வந்தது என்று ஒரு பேச்சு கிளம்பும்.

சாணைக் கல்லுக்கும் மருந்து டப்பாக்களுக்கும் தனிப் பக்கம். மோட்டார் சாணைக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஓடும்போது வெடித்துச் சிதறும், கழற்றி ஓரமாக ஒரு மரக்கட்டையால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் குப்பைக்குத்தான். தின்னர், கரையான் மருந்து, பாதி காலியான வார்னிஷ் எல்லாவற்றையும் கூடுமானவரை நானே தீர்த்துக்கொண்டு வருகிறேன், புதிதாக வாங்குவதில்லை. மெருகு போடுகிற அவலரக்கைச் செதிலாக வைத்திருந்தால் பல வருஷம் கெடாது, ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டால் ஒரு வருஷத்துக்குள் காயும் குணம் போய்விடும், அதனால் பாட்டிலில் கரைத்த தேதி. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப் போடு அல்லது தண்ணீரில் முக்கிவிட்டு எறி என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். ஓட்டுச் சாய்ப்பு, கீழே முழுக்க மரத்தூள், சொல்லவே வேண்டாம்.

தேர்

இதுதான் பெரிய தலைவலி. ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி என்பார்கள்: மரப்பகுதி 30, மேலே மூங்கில் கட்டு 48, விமானம் 12, கலசம் 6. நான் 4 அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்துச் செய்தேன், ஆக மொத்தம் 24 அங்குலம், வரிசையாக ஏழரை, பன்னிரண்டு, மூன்று, ஒன்றரை. மேஜைமேல் வைத்தால் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பெங்களூரில் மகன் இருப்பது இரண்டு அறை பிளாட், அங்கே இதை எங்கே வைப்பான்? திருச்சியில் மகள் வீட்டில் இடம் இருக்கிறது, சின்னக் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

அதனால் தேரைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிற மாதிரி மாற்றினேன். முதலில் செய்தபோது மூங்கில் கட்டை மரப்பகுதியோடு சேர்த்து ஒட்டியிருந்தேன், நல்லவேளை வஜ்ரத்தில், அதாவது தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கிற பசையில், ஒட்டினது. வஜ்ரம் சூட்டிலும் ஈரத்திலும் இளகும், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய கத்தியை நுழைத்தால் பிரிந்து வரும், மரத்துக்குச் சேதம் இல்லை. ஃபெவிகாலில் ஒட்டியிருந்தால் அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் யாராவது ரிப்பேர் செய்ய உட்கார்ந்தால் எந்த மூட்டில் எது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு படம் போட்டு வஜ்ர மூட்டுகளை மட்டும் வட்டமிட்டிருக்கிறேன். பிரித்த இடத்தில் நாலு மூலையிலும் மூங்கில் முளை அடித்து, கீழே துளை போட்டு, சொருகி எடுக்கிற மாதிரி செய்தாயிற்று. விமானமும் கலசமும் சேர்ந்து ஒரே துண்டு.

பெட்டி 12 எம்.எம். பிளைவுட். மூன்று துண்டில் உயரமானது மூங்கில் கட்டு, 12 அங்குலம். மரப்பகுதி ஏழரை, விமானத் துண்டு நாலரை, இரண்டையும் கூட்டினால் அதுவும் 12. அப்புறம் என்ன, உள்ளே 13 அங்குல உயரத்தில் இரண்டு அறை, ஒன்றில் மூங்கில் கட்டு, மற்றதில் கீழே மரப்பகுதி, அதன்மேல் மெல்லிய தட்டு, தட்டின்மேல் விமானம். பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு போகலாம். உள்ளே ஸ்பாஞ்ச் வைக்கவில்லை, நம் வெயிலுக்கு அது சில வருஷத்தில் பொடிந்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், பழைய வேட்டியைத்தான் மடித்துத் தைத்து வைத்தேன். பூச்சிக்கு வசம்பு ஒரு முடிச்சு. மூடியின் உட்புறம், பூட்டும் வரிசையை நாலு போட்டோவாகப் பிரிண்ட் போட்டு ஒட்டியிருக்கிறேன். நிஜத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் போட்டுக் கொடுத்திருக்கிறது, என் தேருக்கு முட்டுக்கட்டை இரண்டு ரப்பர் துண்டு, அதுவும் ஒரு தீப்பெட்டியில் போட்டு உள்ளேயே இருக்கிறது.

பெட்டி முடிந்தபோது என் மனைவி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். “எல்லாம் சரிங்க. நாளைக்கு இது உடைஞ்சு போச்சு, உளுத்துப் போச்சுன்னா, சாமி உருவம் எல்லாம் செதுக்கியிருக்கே, குப்பையிலயா போட முடியும்? அடுப்புலயா வைக்க முடியும்?”

உண்மைதான். மரவண்டி உடைந்தால் எறிந்துவிடுவார்கள். சாமி இருக்கும் சாமானை யாரும் எறியமாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள், பரண்மேல் ஏற்றிவிட்டு அதை நினைத்து நினைத்து மனசு உறுத்திக்கொண்டிருப்பார்கள். ஆகவே சாமி செதுக்கிய பலகைகளைச் சட்டத்தில் பள்ளம் இழைத்து, சறுக்கி வெளியே எடுக்கிற மாதிரி மாற்றினேன். அவற்றில் பெயின்ட், வார்னிஷ் எதுவும் கிடையாது, வெறும் இலுப்பைதான். நோட்டில் எழுதியது: “வைக்க இடமில்லை என்றால் சாமிப் பலகைகளை மட்டும் எடுத்துக் காவேரியில் விடவும். சித்திரை வைகாசியில் ஆற்றில் மணல்தான் இருக்கும், மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தபிறகு விடவும். மிச்சத் தேர் வெறும் மரம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.” மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். இப்பவே எதுக்கு இந்தப் பேச்செல்லாம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவள், ஆடிப்பெருக்கு அன்னைக்கே விட்டுடலாம் என்று தேதியே குறித்துவிட்டாள்.

தேரைவிட எனக்கு முக்கியம் தேரின் அளவு நோட்டு. திருவாரூரின் பழைய தேர் 1926ல் எரிந்துபோனது, இப்போது ஓடுவது அதற்கப்புறம் செய்தது. அளவும், அந்த அளவை மரத்தில் கொண்டு வரத் தெரிந்த கைகளும் இருந்ததால் மறுபடி வந்தது. என் சின்ன விளையாட்டுக்கும் அதே நியாயம்தான். மரம் போகட்டும், அளவு இருக்கட்டும். படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஃபர்மாக்களை, அதாவது மரத்தின்மேல் வைத்து வரைகிற அச்சுகளை, மட்டும் ஏற்ற முடியாது, அட்டையில் வெட்டினவை, அவற்றை ஒரு உறையில் போட்டுப் பெட்டிக்கு அடியில். போனில் உள்ள படங்களை நம்பாதீர்கள், போனைப் பூட்டி வைத்துவிட்டு நாமே போய்விட்டால் திறப்பது யார்? ஸ்டூடியோவில் கொடுத்துக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு நோட்டிலேயே ஒட்டிவிட்டேன்.

யாருக்கு எது

பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தபோது செய்ததை எல்லாம் திண்ணையில் வரிசையாக வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன் என்றேன். வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் மாதக்கணக்கில் செதுக்கின தோணியை ஒருத்தரும் தொடவில்லை. மகன் எடுத்தது ஒரு கோணல் வண்டி, ஒரு சக்கரம் மற்றதைவிடச் சின்னது, அவன் ஐந்தாவது படிக்கும்போது என்னோடு சேர்ந்து ஆணி அடித்தது. மருமகள் பல்லாங்குழியை எடுத்தாள், சோழி இருக்கா மாமா என்று கேட்டாள், அன்றைக்கு ராத்திரியே விளையாட ஆரம்பித்தாயிற்று. மகள் ரொம்ப யோசித்து, சமையலறையில் கிடக்கும் மத்தைக் கேட்டாள், அது திண்ணையில் வைத்த வரிசையிலேயே இல்லை. தேரை யாரும் கேட்கவில்லை. நான் பார்த்தது மகளை, மகள் பார்த்தது மாப்பிள்ளையை, மாப்பிள்ளைதான் பாவம், நாங்க வச்சுக்கறோம் மாமா என்றார்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவானது: செய்தவனுக்கு எது ஒசத்தி என்பதும் வீட்டாருக்கு எது வேண்டும் என்பதும் சம்பந்தமே இல்லாத இரண்டு கணக்கு, ஆளுக்கு இது என்று நாமே எழுதி வைத்தால் அவர்கள் ஆயுசுக்கும் ஒரு தோணியைத் தூசி தட்ட வேண்டியதுதான். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஏர், பரம்பு, ஏற்றம், மரக்கால், கலப்பை வகையறா பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டி வேண்டும், என் பெயர் எழுத வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடவில்லை. நிபந்தனையோடு கொடுத்தால் பூட்டி வைப்பார்கள். பிள்ளைகள் ஏற்றத்தை ஏற்றி இறக்கிப் பார்த்து ஒரு கழியை உடைத்துவிட்டார்கள் என்று ஆசிரியர் சங்கடத்தோடு சொன்னார், மூங்கில் கழி இன்னும் நாலு சீவிக் கொடுத்தனுப்பினேன். வயலில் ஏற்றத்தைப் பார்க்காத பிள்ளைகள், உடைக்கிற அளவுக்கு இழுத்துப் பார்த்தார்களே, நல்லதுதான்.

சட்டப்படி என்ன என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். உயிரோடு இருக்கும்போது கையில் எடுத்துக் கொடுத்துவிட்டால் அசையும் பொருளுக்கு அதுவே போதும், பத்திரம் வேண்டியதில்லை. உயில் எழுதினால் முத்திரைத்தாள் கட்டாயம் இல்லை, பதிவும் கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், பொருள் யாருக்குப் போகிறதோ அவர்களைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு உளியையும் உயிலில் ஏற்ற வேண்டாம், இன்ன நோட்டில் எழுதியபடி என்று உயிலில் குறிப்பிட்டால் 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அந்த நோட்டும் உயிலின் பகுதியாகிவிடும். ஒரே ஒரு விஷயம், உயில் எழுதும் நேரத்தில் அந்த நோட்டு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும், பிற்பாடு சேர்க்கும் பக்கங்கள் அதில் சேராது. நானோ மாதத்துக்கொரு தடவை அடித்துத் திருத்துகிறவன். அதனால் பட்டறையில் உள்ளது முழுவதும் மனைவிக்கு என்று உயிலில் ஒரே வரி, நோட்டு அவளுக்கு வழிகாட்டி மட்டும். உயிலே இல்லாவிட்டால் எங்களைப் போன்ற இந்துக் குடும்பத்தில் மனைவி, பிள்ளைகள், தாயார் இருந்தால் அவர் என்று எல்லோருக்கும் சம பங்கு. உளியைத் தட்டுகிற கொட்டாப்புளிக்கு யார் பங்கு கேட்கப் போகிறார்கள் என்று சிரித்தேன். வக்கீல் சிரிக்கவில்லை, தேக்குப் பலகைக்குக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. கத்திப்பிடி, வீணை வேலைப்பாடு இவற்றில் யானைத் தந்தமோ மான் கொம்போ இருந்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், அதை விற்கிற வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள், நீங்கள் இருக்கும்போதே வனத்துறையில் கேட்டு முடித்துவிடுங்கள்.

நோட்டின் முதல் பக்கம் கடைசியாகத்தான் எழுதினேன். அதில் பட்டியல் கிடையாது. சாய்ப்பின் சாவி எங்கே, மெயின் சுவிட்ச் எது, முதல் மாதம் எதையும் விற்க வேண்டாம், கேட்டு வருகிறவர்களிடம் பையன் வரட்டும் என்று சொல்லிவிடு, மரத்துக்கு ஆசாரியின் பேரனைக் கூப்பிட்டுக் கேள், அவன் சொல்வதை நம்பலாம். அதற்குக் கீழே: “எதையும் வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று இல்லை. கொடுத்தாலும் உடைத்தாலும் விற்றாலும் எனக்குச் சம்மதம். பணம் வந்தால் செலவு செய்யவும்.” மகள் இதைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டாள். மகன் போட்டோ எடுத்துக்கொண்டான்.

இன்னும் தீராதது கடைசல் மெஷின்தான். அரை எச்.பி. மோட்டார், சிங்கிள் பேஸ், பூவரசும் பலாவும் நன்றாகக் கடையும், ஆச்சாவுக்குத் திணறும். ஆசாரியின் பேரன் வேண்டாம் என்றுவிட்டான், அவன் பட்டறையில் இடம் இல்லை. பம்பரம், கட்டில் கால் கடைகிறவர் ஒருவர் வந்து பார்த்தார், பெல்ட்டை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அறுவடை முடியட்டும் என்று போயிருக்கிறார். அவர் வராவிட்டால் நோட்டில் அதற்கு எதிரே இருக்கும் கட்டம் காலியாகத்தான் இருக்கும், அதுவரை பேரக்குழந்தைகளுக்குப் பம்பரம் கடைந்துகொண்டிருக்கிறேன்.